கத்தி படாமல் கட்டியைச் சுட்டழிக்கலாமா? அரிய நுரையீரல் கட்டிகளில் வெப்ப சிகிச்சை

உடலுக்குள் முளைத்த கட்டியை அறுத்தெடுக்காமல், இருக்கும் இடத்திலேயே சுட்டு அழித்துவிட முடியுமா? மருத்துவத்தின் மிகப் பழைய கேள்விகளில் இது ஒன்று. எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுவடி, மார்பில் எழும் சில கட்டிகளுக்குச் சூடு வைப்பதைக் குறிப்பிடுகிறது. சுசுருத சம்ஹிதை அக்னிகர்மத்தை விரிவாகப் பேசுகிறது. சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புற மருத்துவ முறைகளில் சுட்டிகையும் ஒன்று. பண்டைய கிரேக்க மருத்துவர்களும் மருந்தும் கத்தியும் கைவிட்ட பிறகு நெருப்பை நாடினார்கள்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டுகிற கட்டிகளுக்கான பதில்கள். விலா எலும்புக் கூட்டுக்குள் மூச்சோடு அசைந்துகொண்டே இருக்கும் நுரையீரலுக்கு அவை பொருந்தவில்லை. அதற்கு இரண்டு அறிவுகள் ஒன்றுசேர வேண்டியிருந்தது. உயர் அதிர்வெண் மின்னோட்டம் தசையைத் துடிக்கவைக்காமல் திசுவைச் சூடாக்கும் என்பதை 1891-இல் பிரெஞ்சு அறிஞர் தார்சொன்வால் காட்டினார். ஊசி உள்ளே எங்கே போகிறது என்று காட்டும் சிடி ஸ்கேன் 1970களில் வந்தது. 1990-இல் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக விலங்குகளின் கல்லீரலில் ஊசி வழியே ரேடியோ அலை மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்த்தன. சில ஆண்டுகளில் முயலின் நுரையீரலிலும் அதே சோதனை நடந்தது. 2000-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் டேமியன் டூப்பி தலைமையிலான குழு, மூன்று நோயாளிகளின் நுரையீரல் கட்டிகளை இம்முறையில் சுட்ட அனுபவத்தை வெளியிட்டது.

அதற்குப் பிந்தைய கால் நூற்றாண்டில் சேர்ந்த சான்றுகளில் பெரும்பகுதி பரவலான இரண்டு நோய்களைப் பற்றியவை: சாதாரண நுரையீரல் புற்றுநோயின் ஆரம்ப நிலை, பெருங்குடல் புற்றுநோயிலிருந்து நுரையீரலுக்குப் பரவிய கட்டிகள். அரிய கட்டிகளோடு வருபவருக்கு இந்தச் சான்றுகள் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

எவை அரிய கட்டிகள்

ஒவ்வொன்றும் அரிதானாலும் கூட்டிப் பார்த்தால் இவற்றின் பட்டியல் நீளமானது. வெப்ப சிகிச்சை பற்றிய பேச்சில் அடிக்கடி வருபவை நான்கு.

முதலாவது கார்சினாய்டு. நுரையீரல் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டுதான் இந்த வகை. புகைபிடிக்காதவர்களுக்கும் இளம் வயதினருக்கும் வரும். பெரும்பாலானவை மூச்சுக்குழாய்க்குள், நுரையீரலின் நடுப்பகுதியை ஒட்டி வளர்வதால், இருமலும் இழைப்பும் இருக்கும் நோயாளிக்கு ஆஸ்துமா அல்லது காசநோய் என்று நீண்டகாலம் மருந்து தரப்படுவதும் உண்டு. நுண்ணோக்கியில் 2 சதுர மில்லிமீட்டர் பரப்பில் இரண்டுக்கும் குறைவான செல் பிளவுகள் தெரிந்து, இறந்த திசுவும் இல்லாவிட்டால் அது டிப்பிகல் கார்சினாய்டு. பிளவுகள் இரண்டிலிருந்து பத்து வரை இருந்தாலோ இறந்த திசு தென்பட்டாலோ ஏடிப்பிகல். பெயரளவில் சிறிய இந்த வேறுபாடு நோயாளியின் எதிர்காலத்தில் பெரிய வேறுபாடு.

இரண்டாவது, எலும்பிலும் தசையிலும் தோன்றும் சர்கோமாக்கள் நுரையீரலில் போடும் கிளைகள். சர்கோமா ரத்தத்தின் வழியே பரவும்போது பெரும்பாலும் முதலில் வந்து தங்கும் இடம் நுரையீரல். மூன்றாவது, உமிழ்நீர்ச் சுரப்பிகளில் தோன்றும் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா. மூல நோயை அகற்றிப் பல ஆண்டுகள் கழித்து நுரையீரலில் தலைகாட்டி, பின் ஆமை வேகத்தில் வளரும். நான்காவது, ரத்த நாளத்தின் உட்சுவர் செல்களிலிருந்து வரும் எபிதீலியாய்டு ஹேமாஞ்சியோஎண்டோதீலியோமா. இது இரு நுரையீரல்களிலும் பல சிறு முடிச்சுகளாகவே பெரும்பாலும் கண்டறியப்படுகிறது.

முதல் நோயில் கட்டி நுரையீரலிலேயே பிறந்தது. அடுத்த இரண்டில் அது வந்தேறி. வெப்ப சிகிச்சையின் நோக்கமே இதனால் மாறுகிறது. முன்னதில் குணமாக்குவது இலக்கு. பின்னவற்றில் நோயைக் கட்டுக்குள் வைத்து, மருந்தில்லாத காலத்தை நீட்டுவது இலக்கு. ஒன்றின் வெற்றிக் கணக்கை மற்றதற்கு எடுத்துப்போடுவதில்தான் பல தவறான நம்பிக்கைகள் தொடங்குகின்றன.

நுரையீரலுக்குள் சூடு என்ன செய்கிறது

நோயாளி சிடி ஸ்கேன் மேசையில் படுத்திருக்கிறார். மயக்க மருந்தோ, இடத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசியோ தரப்படுகிறது. விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசி நுழைகிறது. கீழ் விளிம்பை ஒட்டி ரத்த நாளமும் நரம்பும் ஓடுவதால் அந்தப் பக்கம் தவிர்க்கப்படுகிறது. ஸ்கேன் எடுத்து, ஊசியைச் சில மில்லிமீட்டர் நகர்த்தி, மறுபடி ஸ்கேன் எடுத்து, முனை கட்டியின் நடுவே நிற்பதை உறுதி செய்கிறார்கள். ரேடியோ அலை முறையில் மின்னோட்டம் உடல் வழியாகச் சென்று தொடையில் ஒட்டிய தட்டுகள் வழியே வெளியேறும். மைக்ரோவேவ் முறையில் தட்டு தேவையில்லை. 915 மெகாஹெர்ட்ஸ் அல்லது 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைகள் ஊசி முனையிலிருந்து பரவி, திசுவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அதிரவைத்துச் சூடேற்றும். 60 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் செல்லின் புரதங்கள் உறைந்து, அது கிட்டத்தட்ட உடனே இறக்கிறது. 50 டிகிரியை ஒட்டிய சூட்டில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். ரேடியோ அலையில் சூடு 100 டிகிரியைத் தாண்டினால் திசு ஆவியாகிக் கருகி, மின்னோட்டமே தடைபடும். ஆகவே கூடுதல் சூடு கூடுதல் பலன் தரும் என்பதில்லை.

நுரையீரலுக்கென்று இரண்டு தனித்தன்மைகள் இருக்கின்றன. கட்டியைச் சுற்றியிருப்பது காற்று நிறைந்த பஞ்சு போன்ற திசு. வைக்கோலுக்குள் வைத்த பாத்திரம் போல, சூடு வெளியே போகாமல் கட்டிக்குள்ளேயே தங்குகிறது. இது சாதகம். ஆனால் அதே காற்று மின்னோட்டத்தையும் தடுப்பதால், ரேடியோ அலை கட்டியின் விளிம்பைத் தாண்டி நல்ல திசுவுக்குள் பரவத் திணறுகிறது. கட்டி மீண்டும் முளைப்பது பெரும்பாலும் அந்த விளிம்பில்தான். மைக்ரோவேவ் இந்தத் தடையை ஓரளவு தாண்டுகிறது. இரண்டாவது தன்மை, பெரிய ரத்த நாளங்கள். 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள நாளம் கட்டியை ஒட்டி ஓடினால், பாயும் ரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். நாளத்தை ஒட்டிய செல்கள் தப்பிவிடும்.

இங்கே ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கட்டியைச் சுற்றிக் குறைந்தது 5 மில்லிமீட்டர், முடிந்தால் 10 மில்லிமீட்டர் நல்ல திசுவையும் சேர்த்து அழிக்க வேண்டும் என்பது நடைமுறை. 2 செ.மீ. கட்டியின் கன அளவு 4 மில்லிலிட்டரைச் சற்றுத் தாண்டும். சுற்றிலும் 1 செ.மீ. சேர்த்தால் அழிக்க வேண்டியது 4 செ.மீ. கோளம், அதன் கன அளவு 33 மில்லிலிட்டருக்கு மேல், அதாவது எட்டு மடங்கு. கட்டி 3 செ.மீ. ஆனால் அழிக்க வேண்டிய கோளம் 65 மில்லிலிட்டர். ஏறத்தாழ எல்லா ஆய்வுகளிலும் 2 செ.மீ. அல்லது 3 செ.மீ. ஒரு எல்லைக்கோடாகத் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்த வடிவியல் ஒரு முக்கியக் காரணம்.

அறுவையே முதல் என்பவர்கள்

மார்பு அறுவை நிபுணர்களின் நிலைப்பாடு பழையது, வலுவானது. டிப்பிகல் கார்சினாய்டை முழுமையாக அறுத்தெடுத்தால் ஐந்தாண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருப்பவர்கள் 90 சதவீதம் அளவில். மூச்சுக்குழாயின் ஒரு துண்டை மட்டும் வெட்டி இரு முனைகளையும் இணைக்கும் ஸ்லீவ் அறுவை வந்த பிறகு, நுரையீரலின் பெரும்பகுதியை இழக்காமலே இதைச் செய்ய முடிகிறது. இத்தனை நல்ல பதில் கையில் இருக்கும்போது வேறு வழி எதற்கு என்று அவர்கள் கேட்கிறார்கள்.

அவர்களின் வாதத்தில் அதிகம் பேசப்படாத, ஆனால் அரிய கட்டிகளுக்கு மிக முக்கியமான பகுதி வேறொன்று. அறுத்தெடுத்த கட்டி நோயியல் ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கேதான் செல் பிளவுகள் எண்ணப்படுகின்றன. மெல்லிய ஊசி பயாப்ஸியில் கிடைக்கும் திசுத் துணுக்கு பல நேரங்களில் 2 சதுர மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை வைத்து டிப்பிகலா ஏடிப்பிகலா என்று உறுதியாகச் சொல்வது கடினம். கட்டியைச் சுட்டுவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரே சாட்சியும் அழிந்துவிடுகிறது. அறுவையின்போது நிணநீர் முடிச்சுகளும் எடுத்துப் பார்க்கப்படுகின்றன. டிப்பிகல் கார்சினாய்டில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கோ சற்றுக் கூடுதலானவர்களுக்கோ அவற்றில் நோய் இருக்கும். ஏடிப்பிகலில் அந்த விகிதம் பல மடங்கு அதிகம். ஊசி இந்த முடிச்சுகளைத் தொடுவதே இல்லை. முழு வாதத்திலும் கடக்க மிகக் கடினமான இடம் இதுதான் என்று தோன்றுகிறது.

அறுவைத் தரப்பின் பலவீனமும் தெளிவானது. அவர்களின் 90 சதவீதம், அறுவையைத் தாங்கக்கூடியவர்கள் என்று முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் கணக்கு. ஏற்கெனவே ஒரு பக்க நுரையீரலில் பாதியை இழந்தவர், மூச்சுத் திறன் குறைந்த முதியவர், மூன்றாவது முறையாக சர்கோமா முடிச்சோடு வரும் இளைஞர் ஆகியோருக்கு அந்த எண் பதில் சொல்வதில்லை. சர்கோமாவில் மீண்டும் மீண்டும் மார்பைத் திறக்கும்போது ஒவ்வொரு முறையும் உறைகள் ஒட்டிக்கொண்டு அடுத்த அறுவையைக் கடினமாக்குகின்றன.

நுரையீரலைக் காப்பாற்றுவோம் என்பவர்கள்

இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி நிபுணர்களின் நிலைப்பாடு இந்த இடத்திலிருந்துதான் எழுந்தது. ஊசி நுழைந்த தடம் சில மில்லிமீட்டர். பெரும்பாலானவர்கள் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். நுரையீரலின் செயல்திறன் அதிகம் குறைவதில்லை. தேவைப்பட்டால் மறுபடியும் செய்யலாம்.

இவர்கள் முன்வைக்கும் சான்றுகளில் முதன்மையானது, ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஏழு மையங்கள் இணைந்து நடத்தி 2008-இல் லென்சியோனி குழு வெளியிட்ட ரேப்சர் ஆய்வு. 106 நோயாளிகள், 183 கட்டிகள், எல்லாமே 3.5 செ.மீ.க்கு உட்பட்டவை. மதிப்பிட முடிந்தவர்களில் 88 சதவீதத்தினரிடம் கட்டி முழுமையாக அடங்கி, குறைந்தது ஓராண்டு அப்படியே இருந்தது. 2015-இல் பிரான்சிலிருந்து தெ பேர் குழு 566 நோயாளிகளில் 1,037 பரவல் கட்டிகளைச் சுட்ட அனுபவத்தை வெளியிட்டது. நோயாளிகளின் இடைநிலை ஆயுட்காலம் 62 மாதங்கள். கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருப்பது விளைவைக் கெடுக்கும் காரணிகளில் ஒன்றாக அதிலும் வந்தது.

அரிய கட்டிகளுக்கு வந்தால் எண்ணிக்கை சட்டென்று சுருங்குகிறது. சர்கோமா பரவல் பற்றி பிரான்சின் போர்தோவிலிருந்து 2011-இல் வந்த பலூசியே குழுவின் கட்டுரை 29 பேரைப் பற்றியது. மூன்றாண்டுக்குப் பிறகு 65 சதவீதம் பேர் உயிரோடு இருந்தனர். இரண்டாண்டு முன்பு ஜப்பானிலிருந்து வந்த 20 பேர் பற்றிய கட்டுரையில் அதே மூன்றாண்டுக் கணக்கு 29 சதவீதம். ஒரே நோய், ஒரே முறை, இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு. ஊசியைப் பிடித்த கையின் திறமையைவிட, யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே இந்த வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்கும் என்று கருத இடமுண்டு. கார்சினாய்டு, அடினாய்டு சிஸ்டிக், ஹேமாஞ்சியோஎண்டோதீலியோமா மூன்றுக்கும் தனி நோயாளிக் குறிப்புகளும் சிறு தொகுப்புகளுமே முக்கிய ஆதாரம். நன்றாக முடிந்தவை அச்சேறுவதும், மோசமாக முடிந்தவை கோப்பில் கிடப்பதும் எல்லாத் துறையிலும் நடப்பதுதான். தனிக் குறிப்புகளை நம்பி நிற்கும் துறையில் அதன் பாதிப்பு அதிகம்.

மெதுவாக வளரும் கட்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சில டிப்பிகல் கார்சினாய்டுகள் அளவில் இரட்டிப்பாகப் பல ஆண்டுகள் எடுக்கும். அத்தகைய கட்டியைச் சுட்டு, இரண்டு ஆண்டுகள் ஸ்கேனில் மாற்றமில்லை என்றால், அது சிகிச்சையின் வெற்றியா, கட்டியின் சுபாவமா? பெருங்குடல் புற்றுநோயில் இந்தச் சந்தேகத்தை நேராகச் சோதித்த முயற்சி ஒன்று இருக்கிறது. நுரையீரல் பரவலை அறுத்தெடுப்பதையும் எடுக்காமல் விடுவதையும் சமவாய்ப்பு முறையில் ஒப்பிட்ட பிரிட்டனின் பல்மிக் ஆய்வு, நோயாளிகள் போதாமல் பாதியில் நின்றது. 2019-இல் வந்த அதன் முடிவில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு அறுவை பெற்றவர்களில் 38 சதவீதம், பெறாதவர்களில் 29 சதவீதம். 65 பேரே இருந்ததால் அந்த வேறுபாட்டை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அறுவை இல்லாவிட்டால் கிட்டத்தட்ட யாருமே ஐந்தாண்டு தாண்டுவதில்லை என்று மருத்துவர்கள் பலர் எண்ணியிருந்த நிலையில், அந்த 29 ஒரு அதிர்ச்சி. கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளி, சிகிச்சை எதுவானாலும், சராசரியைவிட நீண்டகாலம் வாழ்கிறார். அரிய கட்டிகளின் வெப்ப சிகிச்சைக் கணக்குகளைப் படிக்கும் ஒவ்வொருவரும் இதை மனதில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

கதிர்வீச்சுத் தரப்பு

ஊசியே வேண்டாம், வெளியிலிருந்தே கதிர்களைக் குவித்துக் கட்டியை அழிக்கலாம் என்பது கதிர்வீச்சு சிகிச்சை நிபுணர்களின் வாதம். அறுவைக்கு ஏற்ற உடல்நிலை இல்லாத, ஆரம்ப நிலை நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் டிம்மர்மன் குழு நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை தரப்பட்ட கட்டி மூன்றாண்டு கட்டுக்குள் இருந்த விகிதம் 97.6 சதவீதம். இதே வகை நோயாளிகளிடம் ரேடியோ அலை முறையைச் சோதித்த அமெரிக்கப் பல்மைய ஆய்வு 2015-இல் வெளியானது. 51 பேர் கொண்ட அதில் இரண்டாண்டு உயிர்வாழ்வு 69.8 சதவீதம். ஆனால் சுட்ட இடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 59.8 சதவீதம்தான். இரு ஆய்வுகளின் நோயாளிகளும் அளவுகோல்களும் வேறானவை. எண்களைப் பக்கத்தில் வைத்து அப்படியே ஒப்பிடுவது சரியல்ல. இருந்தாலும் சாதாரண நுரையீரல் புற்றுநோயில் கதிர்வீச்சு முன்னே நிற்கிறது என்பதை மறுப்பது கடினம். நுரையீரல் உறைக்குள் காற்றுப் புகும் தொல்லையும் அதில் இல்லை.

அரிய கட்டிகளில் இந்த முன்னிலை அவ்வளவு தெளிவாக இல்லை. பல சர்கோமாக்களும் மெதுவாக வளரும் கார்சினாய்டுகளும் வழக்கமான கதிர்வீச்சுக்கு எளிதில் பணிவதில்லை என்பது நெடுநாள் கருத்து. ஒவ்வொரு முறையும் பெரிய அளவு கதிர்களைத் தரும் புதிய நுட்பம் அதை எவ்வளவு மாற்றும் என்பதற்கும் சிறு தொகுப்புகளே ஆதாரம். நான்கைந்து முடிச்சுகள், அதுவும் ஆண்டுக்கொன்றாக வருபவை என்றால், ஒவ்வொன்றுக்கும் கதிர் தந்துகொண்டே போக நுரையீரலின் தாங்குதிறன் இடம் கொடுக்காது.

மூச்சுக்குழாய் வழியே

பெரும்பாலான கார்சினாய்டுகள் நடுப்பகுதியில், பெரிய ரத்த நாளங்களையும் மூச்சுக்குழாயையும் ஒட்டி இருக்கின்றன. மார்புச் சுவர் வழியே ஊசி செலுத்த இது மிக மோசமான இடம். ஆனால் மூச்சுக்குழாய்க்குள் எட்டிப் பார்க்கும் கட்டியை பிராங்கோஸ்கோப் வழியே எட்டலாம். இந்த வழியில் நீண்டகால அனுபவம் உள்ளது நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் குழுவிடம். மின்சூடு, லேசர் முதலிய கருவிகளால் முதலில் கட்டியை உள்ளிருந்தே அகற்ற முயன்று, மிச்சமிருந்தால் மட்டும் அறுவைக்கு அனுப்பினார்கள். 2015-இல் வெளியான அவர்களின் 112 நோயாளிகள் பற்றிய கணக்கில், 42 சதவீதத்தினருக்கு அறுவையே தேவைப்படவில்லை.

இது சிறிய சாதனை அல்ல. குழாய்க்குள் மட்டும் வளர்ந்த, 2 செ.மீ.க்கு உட்பட்ட, டிப்பிகல் வகைக் கட்டிக்கு இவ்வழி நன்றாக ஒத்துவருகிறது. குழாய்ச் சுவரைத் துளைத்து வெளியே பரவியிருந்தால் ஒத்துவராது. பல கார்சினாய்டுகளில் கண்ணுக்குத் தெரியும் பகுதியைவிடச் சுவருக்கு வெளியே இருக்கும் பகுதி பெரிதாக இருக்கும் என்பதால், மெல்லிய வெட்டு சிடி ஸ்கேன் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. நுரையீரலின் ஓரத்திலுள்ள கட்டிக்கும் வளையும் குழாய் வழியே மைக்ரோவேவைக் கொண்டுபோகும் முயற்சி லண்டனிலும் ஹாங்காங்கிலும் நடந்திருக்கிறது. அது இன்னும் ஆரம்ப நிலை.

எதையும் செய்யாமல் கவனிப்போம் என்பவர்கள்

இந்தத் தரப்புக்குக் குரல் குறைவு, நியாயம் அதிகம். இரு நுரையீரல்களிலும் கார்சினாய்டு குடும்பத்தைச் சேர்ந்த எண்ணற்ற சிறு நியூரோஎண்டோகிரைன் முடிச்சுகள் தோன்றும் டிப்நெக் என்ற நிலை 1992-இல் விவரிக்கப்பட்டது. பெரும்பாலும் நடுவயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வருவது. பலரிடம் அது ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும். ஹேமாஞ்சியோஎண்டோதீலியோமாவில் சிகிச்சை இல்லாமலே முடிச்சுகள் சுருங்கிய நோயாளிகளும் பதிவாகியிருக்கிறார்கள். இத்தகையவர்களிடம் ஸ்கேனில் தெரிகிற ஒவ்வொரு முடிச்சையும் தேடிப்போய்ச் சுடுவது நோயாளிக்கு நன்மை செய்வதாகத் தெரியவில்லை. வளர்கிற ஒன்றிரண்டை மட்டும் சுட்டு மற்றவற்றைக் கவனிப்பது ஏற்கத்தக்க நடுவழியாகலாம்.

மருந்துத் தரப்பையும் இங்கே ஒரு வரியில் சேர்த்துவிடலாம். கார்சினாய்டு உள்ளிட்ட, பரவிய நுரையீரல், இரைப்பை-குடல் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்கு எவரோலிமஸ் மாத்திரை நோய் முற்றுவதைத் தள்ளிப்போடும் என்பதை 302 பேரைக் கொண்ட ரேடியன்ட்-4 ஆய்வு 2016-இல் நிறுவியது: மாத்திரை பெற்றவர்களுக்கு இடைநிலை 11 மாதங்கள், பெறாதவர்களுக்கு 3.9 மாதங்கள். அரிய கட்டியிலும் முறையான சமவாய்ப்பு ஆய்வு நடத்த முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஆபத்துகளின் கணக்கு

அடிக்கடி வரும் தொல்லை, நுரையீரல் உறைக்குள் காற்று புகுவது. பல தொகுப்புகளில் மூன்றில் ஒருவரையோ அதற்கும் மேற்பட்டவர்களையோ பாதித்திருக்கிறது. பெரும்பாலும் தானே சரியாகும்; சிலருக்கு மார்புக் குழாய் பொருத்த வேண்டும். ஜப்பானில் 420 நோயாளிகளுக்குச் செய்த 1,000 சிகிச்சைகளைத் தொகுத்து 2011-இல் வந்த ஆய்வில் கடுமையான சிக்கல்கள் 9.8 சதவீதம், மரணம் நான்கு. அந்த நால்வரில் மூவர் இறந்தது நுரையீரல் இடைத்திசு அழற்சியால். ஏற்கெனவே அந்த நோய் உள்ளவர்களை விலக்க வேண்டும் என்ற பாடம் அங்கிருந்து வலுப்பெற்றது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007 டிசம்பரிலேயே நுரையீரலில் இக்கருவிகளைப் பயன்படுத்தியதில் மரணங்கள் நேர்ந்ததைச் சுட்டிக்காட்டி எச்சரித்திருந்தது. பொதுவாகத் திசுவைச் சுடக் கிடைத்த அனுமதியை நுரையீரலுக்கென்று கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். ஜப்பானில் நுரையீரல் ரேடியோ அலை சிகிச்சை தேசியக் காப்பீட்டுக்குள் வந்தது 2022-இல்தான்.

கார்சினாய்டுக்கென்று தனி ஆபத்து ஒன்று உண்டு. சூடுபட்ட கட்டி தன்னிடமுள்ள ஹார்மோன்களை ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டினால் ரத்த அழுத்தம் தாறுமாறாகும். நுரையீரல் கார்சினாய்டில் இது அரிது. ஆனாலும் ஆக்ட்ரியோடைடு மருந்தைக் கைவசம் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

சிகிச்சைக்குப் பிறகு ஸ்கேனைப் படிப்பதும் எளிதல்ல. முதல் மாத ஸ்கேனில் சுட்ட இடம் பழைய கட்டியைவிடப் பெரிதாகத் தெரியும். சுற்றியிருந்த நல்ல திசுவும் சேர்ந்து வெந்திருப்பதே காரணம். பயந்துபோகும் நோயாளிகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பெட் ஸ்கேனிலும் சில மாதங்களுக்கு அழற்சியே நோய்போல ஒளிரும். டிப்பிகல் கார்சினாய்டில் நிலைமை நேர்மாறு: வழக்கமான சர்க்கரைப் பெட் ஸ்கேனில் அது சிகிச்சைக்கு முன்பே மங்கலாகத்தான் தெரியும் என்பதால், பின்னர் ஒளிரவில்லை என்பது ஆறுதல் தராது. காலியம் டோட்டடேட் பெட் ஸ்கேன் அங்கே கூடுதல் பயன் தரும்.

நம் நாட்டில் இன்னொன்றும் சேர்கிறது. நுரையீரலில் தெரியும் முடிச்சு காசநோயின் தழும்பாகவோ, உயிரோடிருக்கும் காசநோயாகவோ இருக்கும் வாய்ப்பு மேலைநாடுகளைவிட இங்கே மிக அதிகம். திசு முடிவு கையில் இல்லாமல் சுடுவது இங்கே இரட்டிப்புத் தவறு. கருவிகளைப் பொறுத்தவரை நாம் பின்தங்கியிருக்கவில்லை. சிடி வழிகாட்டலில் ஊசியின் பாதையைத் திட்டமிட்டுத் தரும் ரோபோக்களைச் சென்னையின் பெர்ஃபின்ட் ஹெல்த்கேர் நிறுவனமே உருவாக்கியிருக்கிறது. நமக்கு இப்போது வேண்டியது பதிவேடு.

இன்றைய நிலையில் சொல்லக்கூடியது

இதுவரையான சான்றுகளை வைத்து, மாறக்கூடிய முடிவு என்ற எச்சரிக்கையோடு, சிலவற்றைச் சொல்லலாம். அறுவையைத் தாங்கக்கூடியவருக்கு கார்சினாய்டில் அறுவைதான் முதல் வழி. வெப்ப சிகிச்சை அதற்குச் சமம் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. குழாய்க்குள் மட்டும் அடங்கிய சிறிய டிப்பிகல் கட்டிக்கு, அனுபவமுள்ள மையத்தில் பிராங்கோஸ்கோப் வழி முயல்வது நியாயமானது. அறுவை முடியாதவரின் ஓரக் கட்டி 2 செ.மீ.க்கு உட்பட்டு, பெரிய நாளத்தை ஒட்டாமல் இருந்தால் ஊசி வழி வெப்பம் தகுந்த தேர்வு, 3 செ.மீ.க்கு மேல் நம்பிக்கை வேகமாகக் குறைகிறது. சர்கோமா, அடினாய்டு சிஸ்டிக் போன்றவற்றில், எண்ணிக்கை குறைவான முடிச்சுகள் மீண்டும் மீண்டும் வரும்போது, நுரையீரலை மிச்சம்பிடிக்கும் வழியாக அதற்கு உண்மையான இடம் இருக்கிறது. அங்கேயும் ஆயுள் நீள்கிறதா என்பது நிரூபணமாகவில்லை.

ரேடியோ அலையா மைக்ரோவேவா என்ற சர்ச்சையில் நிறைய ஆற்றல் செலவாகிறது. இரண்டையும் ஒப்பிட்ட இத்தாலியின் லுமிரா ஆய்வு 52 பேரையே கொண்டிருந்தது. உயிர்வாழ்வில் வேறுபாடு காணவில்லை, மைக்ரோவேவில் வலி குறைவு என்றது. 2020-இல் வெளியான சால்ஸ்டிஸ் ஆய்வு, சூட்டுக்குப் பதில் உறையவைக்கும் குளிரால் 128 நோயாளிகளின் 224 பரவல் கட்டிகளைக் கையாண்டு, ஓராண்டில் 85 சதவீதக் கட்டுப்பாட்டைக் காட்டியது. கருவிகளுக்கிடையிலான இந்த வேறுபாடுகளைவிட, எந்தக் கட்டி, எந்த அளவு, எந்த இடம் என்பவையே விளைவைத் தீர்மானிப்பதாகத் தெரிகிறது.

திறந்திருக்கும் கேள்விகள் இன்னும் பெரியவை. சுட்ட கார்சினாய்டு பத்து, பதினைந்து ஆண்டுகளில் எத்தனை பேரிடம் திரும்புகிறது? நிணநீர் முடிச்சுகளைப் பார்க்காமல் விட்டதன் விலை என்ன? சுட்ட கட்டியிலிருந்து வெளிப்படும் புரதங்கள் உடலின் எதிர்ப்புசக்தியைத் தூண்டி மற்ற முடிச்சுகளையும் தாக்கவைக்குமா? எந்த ஒரு மருத்துவமனையும் தனியாக இவற்றுக்குப் பதில் காண முடியாது. அரிய நோயில் ஒரு மையத்துக்கு ஆண்டுக்கு வரும் நோயாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எனவே வெப்ப சிகிச்சை செய்யும் மருத்துவமனைகள் ஒவ்வொரு அரிய கட்டியையும், நன்றாக முடிந்ததையும் மோசமாக முடிந்ததையும், பொதுப் பதிவேட்டில் சேர்க்க முன்வர வேண்டும். நோயாளிகளும் குடும்பத்தாரும் ஊசி வைப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கலாம்: பயாப்ஸி முடிவு என்ன, அறுவை நிபுணரும் கதிர்வீச்சு நிபுணரும் இந்த ஸ்கேனைப் பார்த்தார்களா, இதே வகைக் கட்டியில் இங்கே கிடைத்த விளைவுகள் என்ன. சிகிச்சை முடிந்த பிறகும், உடம்பு நன்றாக இருந்தாலும், பத்தாண்டுக்குக் குறையாமல் ஸ்கேனுக்கு வந்துகொண்டே இருங்கள்.